பழைய யப்பான் சைக்கிளில் யாழ்ப்பாணம் வரை ஓடலாமா?

வெள்ளவத்தை நிலா:
வணக்கம். நான் வெள்ளவத்தை, வேலை கோட்டையில். மச்சானின் சைக்கிளை இரவல் வாங்கி மரைன் டிரைவ் வழியாக வேலைக்குப் போய் வந்ததில் இப்போது பெரிய ஆசை பிடித்துவிட்டது. இந்த முறை நல்லூர்த் தேருக்கு யாழ்ப்பாணம் வரை சைக்கிளிலேயே போக வேண்டும். அவசரமில்லை, நான்கைந்து நாள் எடுத்தாலும் சரி.

டாம் வீதியில் ஒரு கடையில் யப்பானிலிருந்து கொள்கலனில் வந்த பழைய சைக்கிள் ஒன்று பார்த்தேன். சாம்பல் நிறம், நேரான கான்டில், பின் சில்லில் மூன்று கியர், முன் சில்லுக்குள்ளேயே டைனமோ. யப்பான் எழுத்து ஸ்டிக்கர்கூட இன்னும் ஒட்டியிருக்கிறது. 42,000 சொல்கிறார். அப்பாவோ கடன் பட்டாவது ஒரு பழைய ஸ்கூட்டி எடு என்கிறார். ஓடிப் பழகியவர்கள் சொல்லுங்கள், இது அவ்வளவு தூரம் தாங்குமா?

தெகிவளை பாலத்தடி:
ஸ்கூட்டி பற்றி மட்டும் சொல்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய வண்டிக்கெல்லாம் யானை விலை ஏறிவிட்டது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் வண்டியின் பதிவுப் புத்தகமான சீஆரில் உள்ள இன்ஜின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் நாலு கை மாறி வந்ததைத் தொடவே வேண்டாம். 2022இல் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்ற ஊர் இது. அப்போது பக்கத்தால் நிம்மதியாகப் போனவர்கள் சைக்கிள்காரர்தான். என் வாக்கு சைக்கிளுக்கு.

சோளகம்:
தங்கச்சி, தாராளமாக ஓடலாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர், புத்தளம் பக்கத்தால் போனால் சொல்லும்படியான ஏற்றமே கிடையாது. மூன்று கியர் தாராளம்.

ஆனால் கியர், பெயின்ற் எதையும் பார்க்க முதல் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 26, 27 என்று பெரிதாக எழுதியிருப்பதை விடுங்கள். அதற்குக் கிட்டச் சின்னதாக 37-590 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். அந்த இரண்டாவது எண்தான் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கும். மவுன்டன் சைக்கிளின் 26 என்பது 559, யப்பான் சைக்கிளில் வரும் 26 x 1 3/8 என்பது 590. இரண்டிலும் 26 என்றே எழுதியிருக்கும், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. யப்பானின் 27 x 1 3/8 என்பது 630. கடைக்காரர் 700 டயரைக் காட்டி 'இதுவும் சரிவரும்' என்பார். அது 622, வராது. நம்மூர்ப் பெரிய லுமாலா சைக்கிளின் 28 x 1 1/2 என்பது 635, அதுவும் வேறு.

ஆகவே காசு கொடுக்க முதல் அதே எண்ணில் இரண்டு டயரும் டியூபும் கேளுங்கள். எடுத்து மேசையில் வைத்தால் சைக்கிளை வாங்குங்கள். 'நாளைக்கு எடுத்துத் தரலாம்' என்றால் வந்துவிடுங்கள். போகிற பாதையில் நொச்சியாகம போன்ற ஓரிடத்தில் டயர் வெடித்து, சந்திக் கடையில் இருப்பது எதுவும் ஏறவில்லையென்றால் சைக்கிளை லொறியில் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நெடுந்தூரத்துக்கு நல்ல சைக்கிள் என்று நான் சொல்வது, வழியில் உள்ள கடையில் திருத்தக்கூடிய சைக்கிளைத்தான்.

அப்புறம், கான்டிலுக்குக் கீழே முன்னால் நிற்கும் தலைக் குழாயோடு மற்ற இரண்டு குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ற் சுருங்கி மடிந்து கையில் தட்டுப்பட்டால் அது முன்னால் எங்கோ மோதிய சைக்கிள், வேண்டாம். சில்லின் ஒரே பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் நெருக்கிப் பாருங்கள், ஒன்றுக்கொன்று இறுக்கம் மாறக்கூடாது.

அந்த மூன்று கியரில் ஒரு நுணுக்கம் உண்டு. பின் அச்சின் வலது முனையில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். சில்லைக் கழற்ற முதல் அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியையும் இழுத்து எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அது வளைந்தால் கியர் போச்சு. ஒட்டுப் போடும் தம்பிக்கு இதைச் சொல்லாவிட்டால் அவர் நேரே ஸ்பானரை எடுத்துவிடுவார்.

பாதை: பேலியகொடையிலிருந்து ஏ3 வீதியில் நெரிசல். வத்தளையில் ஹெந்தளைப் பக்கம் திரும்பி, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம, பிட்டிபன என்று கடலோரமாக நீர்கொழும்புக்குப் போங்கள். பிறகு சிலாபம், புத்தளம், அங்கிருந்து ஏ12இல் அநுராதபுரம். கருவலகஸ்வெவவைச் சுற்றி யானை வீதிக்கு வரும். புத்தளத்தில் தங்கி, நன்றாக விடிந்த பிறகு வெளிக்கிடுங்கள். பொழுதுபடும் நேரத்தில் அந்த வீதியில் இருக்கவே கூடாது. மதவாச்சி தாண்டினால் ஏ9, வவுனியா, கிளிநொச்சி. நல்லூர்க் காலத்தில் சோளகம் வீசும், காற்று முதுகில்தான். அதே பாதையை மார்கழியில் வாடைக்கு எதிரே உழக்கிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

வெள்ளவத்தை நிலா:
அண்ணா, நேற்றுப் போய்ப் பார்த்தேன். 37-630! அந்த எண்ணில் டயர் கேட்டேன், 700 டயரைத்தான் எடுத்துத் தந்தார். பேசாமல் வந்துவிட்டேன். இரண்டு கடை தள்ளி ஒரு பழைய மவுன்டன் சைக்கிள், 559, பின்னால் ஏழு பல்சக்கரம், 38,000. டயர், டியூப் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. தலைக் குழாயடி சுத்தம். செயின் மட்டும் தளர்வாகத் தெரிந்தது. அதை எப்படிப் பார்ப்பது?

சோளகம்:
நல்ல தெரிவு. அடிமட்டம் ஒன்று கொண்டு போங்கள். செயினை இறுக்கமாக வைத்து கண்ணிகளைக் கோர்க்கும் ஒரு ஊசியின் நடுவிலிருந்து 24 ஊசி தள்ளி அளந்தால் புதுச் செயின் சரியாக 12 அங்குலம் காட்டும். அதற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடினால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், அதற்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பின்னால் நல்ல இரும்புக் கரியல் ஒன்று பூட்டி, பையை அதில் கட்டுங்கள். முதுகில் சுமக்க வேண்டாம்.

தெகிவளை பாலத்தடி:
திரும்பி வர யோசிக்க வேண்டாம். வெள்ளவத்தைக்கு வரும் இரவு பஸ்ஸில் முன் சில்லைக் கழற்றி லக்கேஜுக்குள் வைக்கலாம். பஸ்காரரிடம் முதல் நாளே கதைத்து, கியர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி படுக்க வைக்கச் சொல்லுங்கள்.