அடிப்படை வாசிப்பும் கணக்கும் தடுமாறும் சமுதாயக் கல்லூரி மாணவர்களைத் தேர்ச்சிக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: கணக்கு ஆசிரியை, காரைக்குடி

வணக்கம். காரைக்குடிக்கு அருகில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு மாணவர்களுக்குக் கணக்கும் வாசிப்பும் கற்பிக்கிறேன். மின்பணி, கட்டுமானம், செவிலியர் உதவி ஆகிய பிரிவுகளில் சேர்பவர்களுள் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர்களும், தேர்ச்சி பெற்றிருந்தும் ஒரு பத்தியைத் தங்குதடையின்றி வாசிக்க இயலாதவர்களும், திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்துப் படிக்க வந்த பெண்களும் இருக்கிறார்கள். சேர்க்கையின்போது ஒரு தேர்வு வைத்து, அதில் குறைந்த மதிப்பெண் பெறுபவர்களை முதல் நான்கு மாதங்கள் அடிப்படை வகுப்பில் மட்டும் அமர்த்துவது எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு அமர்த்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தொழிற்பாடத்தின் வாசலை மிதிக்காமலேயே நின்றுவிட்டார்கள். "ஒயரிங் படிக்க வந்தேன் டீச்சர், திரும்பவும் மூணாம் வாய்ப்பாடா?" என்று கேட்ட ஒரு மாணவர் மறுநாள் முதல் வரவில்லை. அடிப்படையைக் கைவிடவும் முடியவில்லை, அதை முன்னால் நிறுத்தினால் ஆளும் நிற்பதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற பேராசிரியர், கோட்டையூர்

அம்மா, அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளும் இதே இடத்தில்தான் பல்லாண்டுகள் இடறின. நுழைவுத் தேர்வில் பின்தங்கியவர்களை இரண்டு மூன்று அடிப்படைப் பாடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அமர்த்தினார்கள். ஒவ்வொரு படியிலும் சிலர் உதிர்ந்தார்கள். ஒரு படியில் தேறியவர்களிலும் சிலர் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யவில்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2017இல் ஏபி 705 என்னும் சட்டத்தின் வழியாக, மாணவரின் பள்ளி மதிப்பெண்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓராண்டுக்குள் கல்லூரி நிலை ஆங்கிலத்தையும் கணக்கையும் முடிக்கும் வாய்ப்பு மிகுதியாகும் வகையில் அவரைச் சேர்க்க வேண்டும் என்றும் விதித்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஐ-பெஸ்ட் முறை நமக்கு இன்னும் பொருத்தமானது: தொழிலாசிரியர் ஒருவரும் அடிப்படைத் திறன் ஆசிரியர் ஒருவரும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து நடத்துகிறார்கள்.

நம் பக்கத்துக்கு இது புதிதன்று. செட்டியார்களின் வட்டிக்கடைகளில் வேலை பழக பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய பெட்டியடிப் பையன் (கடையின் கடைநிலைப் பணியாள்) ஊரில் வாய்ப்பாடு படித்துப் போனவன்தான் எனினும், வட்டிக் கணக்கில் அவன் கைதேர்ந்தது கடையில், பேரேடு எழுதும் அடுத்தாளின் (முதலாளின் உதவியாளர்) பக்கத்தில் அமர்ந்துதான். (குட்டும் வாங்கியிருப்பான், அதை நான் பரிந்துரைக்கவில்லை.) ஆகவே அந்த நான்கு மாதங்களை எடுத்துவிட்டு, முதல் நாளிலேயே பட்டறைக்குள் அனுப்புங்கள், தாங்களும் உடன் செல்லுங்கள்.

பதில்: கல் தளம் போடுபவர், ஆத்தங்குடி

பேராசிரியர் ஐயா கூறியதைத் தொழில் பக்கமிருந்து சொல்கிறேன். என்னிடம் வேலை பழக வரும் பையன்களிடம் பரப்பளவு என்ற சொல்லை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். ஆனால் 15 அடிக்கு 12 அடி உள்ள ஒரு பட்டாலையை, அதாவது வீட்டுக் கூடத்தை, காட்டி, பத்து அங்குலச் சதுர ஆத்தங்குடித் தளக்கல் எத்தனை வேண்டும் என்று கேட்டால் உட்கார்ந்து போடுவார்கள். பரப்பை வகுத்தால் 259.2 வரும், 260 என்பார்கள். சுவரோரமாக வைத்து எண்ணினால், நீளத்தில் 18 கல் சரியாக அமரும். அகலத்தில் 14 கல் போக நான்கு அங்குலம் மிஞ்சும். அதை 15 வரிசை என்று கொண்டால் 270 ஆகிவிடும். ஒரு கல்லை அறுத்து இரண்டு நான்கு அங்குலத் துண்டு எடுக்கலாம் என்பது பிடிபட்டதும், 252 கல்லும் அறுக்க ஒன்பதும் சேர்த்து 261 என்று விடை இறங்கும். பூ வேலைப்பாடு துண்டிலும் பொருந்த வேண்டுமானால் அந்தச் சிக்கனமும் செல்லாது. பெருக்கல், வகுத்தல், பின்னம், மீதி எல்லாம் இந்த ஒரு அறைக்குள் வந்துவிடுகின்றன. தங்கள் கட்டுமானப் பிரிவை ஒரு நாள் கல் போடும் இடத்துக்கு அழைத்து வாருங்கள். இந்தக் கல்லை வார்க்கக் கண்ணாடிமேல் சாயம் ஊற்றுவதைப் பார்க்கவும் ஆசைப்படுவார்கள்.

பதில்: செவிலியர் உதவிப் பாட ஆசிரியை, தேவகோட்டை

இருவர் கருத்தையும் ஏற்கிறேன், ஆனால் முழுமையாக அன்று. கணக்கைத் தொழிலுக்குள் கரைத்துவிடலாம்; வாசிப்பு அவ்வளவு எளிதாகக் கரையாது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள மருந்தில் 200 மில்லிகிராம் கொடுக்க 8 மில்லி வேண்டும் என்று என் மாணவி ஒருவர் நொடியில் சொன்னார். ஆனால் புட்டியின் சீட்டில் எது எத்தனை என்பதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத்தான் அந்தக் கணக்கையே போட்டார். சேர்ந்து செய்யும் வகுப்பில் இத்தகையவர் மாதக்கணக்கில் ஒளிந்துகொள்ள முடியும். ஆகவே தொழிற்பாடத்தை நிறுத்தாமல், நாள்தோறும் அரைமணி நேரம் மூன்று நான்கு பேராகப் பிரித்து, மருந்துச் சீட்டு, வார்டுப் பதிவேடு போன்றவற்றையே உரக்க வாசிக்க வைக்கிறேன். பிறர் முன்னிலையில் திருத்துவதில்லை.

நின்றுவிடுபவர்கள் எல்லோரும் பாடத்துக்கு அஞ்சி நிற்பதில்லை என்பதையும் கவனியுங்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டத்தில் தனி ஆலோசகர், பாட உதவி ஆகியவற்றோடு பயண அட்டையும் கொடுத்தார்கள். அடிப்படைப் பாடம் தேவைப்பட்ட மாணவர்களிடையே நடந்த ஆய்வில், திட்டத்தில் இருந்தவர்களுள் 40 சதவீதத்தினரும் மற்றவர்களுள் 22 சதவீதத்தினரும் மூன்றாண்டுகளுக்குள் பட்டம் பெற்றார்கள். நம் பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, பையன்களுக்கு உண்டு. முகூர்த்த மாதங்களில் சமையல் கோஷ்டியோடு போகிறவர்கள், தீபாவளிக்கு முன் பலகாரக் கடையில் முறுக்குப் பிழியப் போகிறவர்கள் ஆகியோரின் வருகைப் பதிவேட்டைத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. சென்ற ஆண்டின் வருகைப் பதிவேட்டை நேற்றிரவு எடுத்துப் பார்த்தேன். நின்றவர்களில் ஐந்து பேர் ஆவணி முகூர்த்தங்களின்போதுதான் முதன்முதலில் விடுப்பு எடுத்திருக்கிறார்கள். அதை நான் அக்கறையின்மை என்று குறித்து வைத்திருந்தேன். தேர்வு இருக்கட்டும், ஆனால் அது எவரையும் வாசலில் நிறுத்தக் கூடாது என்று முதல்வரிடம் கேட்கப் போகிறேன். மின்பணி ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாட்கள் தம் வகுப்பில் எனக்கு இடம் தர இசைந்துவிட்டார். வாசிப்புக்கான அரைமணி நேரத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைப்பதா, மாலையில் வைப்பதா என்பதுதான் மீதி. மாலையில் வைத்தால் பள்ளத்தூர்ப் பேருந்து போய்விடும்.