கடைமடை நீர்வழிகளைச் சீரமைக்கக் கார்பன் வரவு நிதி கைகொடுக்குமா?

கேள்வி: கோரையாற்றுக் கடைமடை விவசாயி

வணக்கம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படும் ஆண்டிலும் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்துசேர வெகுநாள் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ வடிகால் தூர்ந்து கிடப்பதால் சம்பாப் பயிர் மூழ்கி அழுகுகிறது. வடிகாலைத் தூர்வாரி, குளக்கரைகளில் மரம் வளர்த்து, கார்பன் வரவுகளை விற்றுப் பங்கு தருவதாக ஒரு நிறுவனம் எங்கள் பாசனச் சங்கத்திடம் 30 ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறது. கையெழுத்திடும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: நீர்வளத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

ஐயா, கார்பன் சந்தை தண்ணீரை அளப்பதில்லை. ஒரு டன் கரியமில வாயுவோ அதற்கு ஈடான வேறு வாயுவோ குறைந்ததற்கான சான்றுதான் ஒரு வரவு. எத்தனை கிலோமீட்டர் தூர்வாரினாலும் அதற்கென்று வரவு கிடைக்காது. நீங்கள் சொல்லும் திட்டத்தில் புதிதாக நட்டு வளர்ந்த மரத்துக்கே கிடைக்கும். அதுவும் அளந்து, சரிபார்த்து, பணம் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். தூர்வாரும் செலவோ இந்தக் கோடையிலேயே வேண்டும். அந்த முன்பணத்தைப் போடுபவர் யார், அதற்கு ஈடாக வரவில் எத்தனை பங்கை எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர்நாடி. குளக்கரை புறம்போக்காக இருந்தால், அதில் வளரும் மரத்துக்குச் சங்கம் கையெழுத்திடலாமா என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.

பதில் 2: மன்னார்குடிப் பக்கத்து விவசாயி

என் கருத்தில், மரத்தைவிட நெல்வயலையே முதலில் பார்க்க வேண்டும். நீர் தேங்கிய வயலில் உண்டாகும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். வயலில் பதித்த துளைக்குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி தண்ணீர் விட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்தால், அந்த மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும்; அந்தக் குறைவையும் வரவாக்கலாம். ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் நான் குறுவையில் இதைச் செய்கிறேன். முறை வைத்துத் தண்ணீர் வரும் கடைமடையில், வந்த நீரை வேண்டாமென்று யார் மடையை அடைப்பார்கள்? அந்த அச்சம் நியாயமானது. சம்பாவிலோ, வடிகால் ஓடினாலொழிய வயலைக் காயவிட வழியே இல்லை. ஆகவே தூர்வாருதலுக்கு வரவு கிடைக்காவிட்டாலும் வரவு அதை நம்பியே நிற்கிறது. அதையே முதல் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள்.

பதில் 3: முத்துப்பேட்டையிலிருந்து

இங்கே அலையாத்திக் காடு வெட்டப்பட்ட இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி உப்பேறியது. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீரைப் போகவர விட்ட பிறகே கன்றுகள் பிடித்தன. அந்த வாய்க்கால்களிலும் வண்டல் படியும். பராமரிப்பு ஓயாத செலவு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைச் சிதைத்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன்: மரம் விழுந்தால் அந்த இழப்பு யார் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தில் உள்ளதா?

கேட்டவர்

மிக்க நன்றி. மீண்டும் படித்தேன். மரக்கன்றுகளின் எண்ணிக்கை துல்லியமாக இருக்கிறது. தூர்வாருதல் ‘இயன்றவரை’ என்றும், புயல் இழப்பு சங்கத்தின் பொறுப்பு என்றும் இருக்கின்றன. இவ்விரண்டையும் திருத்தித் தரும்வரை கையெழுத்திட வேண்டாமென்று சங்கத்தில் சொல்லப் போகிறேன்.