மறு: வி.ஆர்.எம்.முக்குத் தமிழில் என்ன? ‘மடை’ சரிப்படுமா?

கம்ப்யூட்டர்ச் சொற்களுக்குத் தமிழ் தேடும் குழுவினருக்கு வணக்கம்.

மதர்போர்டுக்கு ‘வளவு’ என்று வைக்கலாமே என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். வளவு என்றால் எங்கள் ஊர் வீட்டின் உட்பகுதி: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள், யார் எங்கே போனாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். காரைக்குடிக்காரனுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆனாலும் வேண்டாம். தாய்ப்பலகை ஊன்றிவிட்டது, அதை ஒட்டிச் சேய்ப்பலகையும் வந்துவிட்டது. கடையில் எப்படியும் ‘போர்டு’தான். சொல் இல்லாமல் நான் திண்டாடியது வேறு இடத்தில்: அந்தப் போர்டில் பிராசசருக்கு மின்சாரத்தை அளவாக இறக்கிக் கொடுக்கும் வி.ஆர்.எம். (வோல்டேஜ் ரெகுலேட்டர் மாட்யூல்).

அக்கா மகன் கல்லூரிக்காக ஒரு கம்ப்யூட்டரைத் தானே சேர்க்கிறான். கையில் இருப்பது கொஞ்சம் பணம், அத்தான் கொடுத்தது. பிராசசர் இன்டெல் கோர் ஐ3-12100 என்று முடிவாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் எச்610 என்ற ஒரே சிப்செட். இரண்டிலும் பிராசசர் உட்கார எல்ஜிஏ1700 சாக்கெட், டிடிஆர்4 ரேமுக்கு இரண்டே இடம், வீட்டில் கிடக்கும் பழைய கேபினெட்டில் அடங்கும் மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு. விலை மட்டும் வேறு. “ரெண்டும் ஒண்ணுதானே, இதுக்கு ஏன் கூடக் கேக்கிறான்?” என்றார் அத்தான்.

விலை கூடிய போர்டில் வி.ஆர்.எம். பெரிது, அதன்மேல் அலுமினியப் பட்டையும் உண்டு. இதை அவருக்கு எப்படிச் சொல்வது? பவர் சப்ளை அனுப்புவது 12 வோல்ட். பிராசசர் கேட்பதோ ஒரு வோல்ட்டும் சொச்சமும். இறக்கிக் கொடுப்பது சாக்கெட்டை ஒட்டி நிற்கும் மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), சோக் (கம்பிச்சுருள்), மின்தேக்கிக் கூட்டம். அதே வாட்டுக்கு மின்னழுத்தம் இறங்க இறங்க மின்னோட்டம் ஏறும். ஐ3-12100 உச்சத்தில் 89 வாட் இழுக்கும், 1.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 74 ஆம்பியர். இதே சாக்கெட்டில் உட்காரும் ஐ9-12900கே 241 வாட், அதாவது 200 ஆம்பியர். மலிவுப் போர்டில் அதைக் கொண்டுபோய் மாட்டினால் உட்காரும், ஓடவும் ஓடும். கொஞ்ச நேரத்தில் வி.ஆர்.எம். கொதித்து, பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

இங்கே முன்மொழியப்பட்ட ‘மின்னழுத்தச் சீராக்கிக் கூறு’ என்பதையே அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “ஸ்டெபிலைசர்தான் வீட்டுல இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?” என்றார். தப்பு அவர்மேல் இல்லை. அப்புறம் ‘கண்மாய் மடை மாதிரி’ என்றேன். கண்மாயில் நிற்கும் தண்ணீரை அப்படியே வயலில் விட்டால் பயிர் போய்விடும். மடையைத் திறந்து மூடித் திறந்து மூடி அளவாக விட வேண்டும். மாஸ்ஃபெட் செய்வதும் அதுதான், நொடிக்கு லட்சக்கணக்கான தடவை. சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆகவே வி.ஆர்.எம்.முக்கு ‘மின்மடை’, போர்டின் பெட்டியில் 8 ஃபேஸ் (இப்படி எட்டு அலகு) என்று இருந்தால் ‘எட்டு மடை’. என்ன சொல்கிறீர்கள்?

காரைக்குடியிலிருந்து

---

தம்பிக்கு,

மடை நல்ல சொல். பையன்கள் ‘மடையன்’ என்று கேலி பேசுவார்கள், போகட்டும். ஆனால் ஃபேஸுக்கும் மடைக்கும் முடிச்சுப் போட்டதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்கு வரும் மூன்று ஃபேஸை மின்வாரியம் ‘மும்முனை’ என்கிறது. பாடப்புத்தகத்தில் ‘கட்டம்’. போர்டில் இரண்டுமே பொருந்தாது. அங்கே ஒன்று திறந்து மூடியதும் அடுத்தது, அதன்பின் அடுத்தது என்று வரிசையாக நடக்கிறது. சுமை பங்கிடப்படுவதால் சூடும் பரவுகிறது, வெளிவரும் மின்சாரமும் குலுங்காமல் வருகிறது. இதற்குக் கண்மாய்க்கரையிலேயே பேர் இருக்கிறதே: முறை. உன் வயலுக்கு இன்று, என் வயலுக்கு நாளை என்று முறை வைத்துத்தானே பாய்ச்சுகிறோம்?

முறை வேறு, மடை வேறு. ஒரே சைகைக்கு இரண்டு மடை சேர்ந்து திறக்கிற போர்டுகள் உண்டு. அவை நாலு முறை, எட்டு மடை. பெட்டியில் கொட்டை எழுத்தில் 8 என்று போட்டுவிடுவார்கள். உங்கள் சொல்லை வைத்துக்கொண்டால் நாமே அதற்குத் துணைபோனதாகும்.

தேவகோட்டையிலிருந்து

---

அண்ணே,

இதற்கு நான் பதில் பேச வழியில்லை. நேற்றும் கடையில் சோக்குகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன், அந்தச் சாம்பல் நிறக் கட்டிகளை. அவற்றை எண்ணினால் பெரும்பாலும் மடைக் கணக்குக் கிடைக்கும். முறைக் கணக்கு கிடைக்காது. அதற்குக் கட்டுப்பாட்டுச் சில்லின் எண்ணைப் பார்த்துத் தேட வேண்டும். இவ்வளவு நாள் இரண்டையும் ‘ஃபேஸ்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் இப்படி வைத்துக்கொள்வோம். தனித்தனி அலகு மடை, திறக்கும் வரிசை முறை, மொத்தமும் மின்மடைத் தொகுதி. முறை வைக்கும் அந்தச் சில்லை, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர் பெயரால் ‘நீர்ப்பாய்ச்சி’ என்று கூப்பிட எனக்கு ஆசை. குழு சிரிக்கும் என்று தெரியும். என் குறிப்பேட்டில் மட்டும் அப்படி எழுதிக்கொள்கிறேன்.

ஒரு குறை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மடையில் எவ்வளவு தண்ணீர் நுழைகிறதோ அவ்வளவுதான் வெளியே வரும். மின்மடையில் அழுத்தம் இறங்கி ஓட்டம் பெருகுகிறது. உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது. ‘மின்’ என்ற முன்னொட்டு ஓரளவு தாங்கும் என்று நினைக்கிறேன். யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் விட்டுக்கொடுக்கத் தயார்.

போர்டு வாங்கியாயிற்று, விலை குறைந்ததுதான். 89 வாட்டுக்கு அது தாராளம். பின்னால் ஐ7 மாட்டுவேன் என்று பையன் முரண்டு பிடித்தான். “அப்ப நீ சம்பாதிச்சு வேற போர்டு வாங்கிக்க” என்று அத்தான் முடித்துவிட்டார். மிச்சப் பணத்தில் எஸ்எஸ்டி 256-க்குப் பதிலாக 512 ஜிபி ஆனது.

சாக்கெட்டுக்கு ‘செருகுவாய்’ என்று இந்தக் குழுவில் எழுதியவருக்கு: ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட்டில் ஊசிகள் பிராசசரில் இருக்கின்றன, செருகுகிறோம், சரி. எல்ஜிஏ1700-இல் ஊசிகள் போர்டில். பிராசசரை மேலே வைத்துத் தகட்டை மூடி அமுக்குகிறோம், எதையும் செருகுவதில்லை. இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

காரைக்குடியிலிருந்து