ஜனவரியில் ஃபுவெர்தேவெந்துரா: முழங்கால் வலி உள்ளவர் பறவை பார்க்க முடியுமா?

பாலாற்றங்கரை (காட்பாடி):

எல்லாருக்கும் வணக்கம். தம்பி ஜெர்மனியில் வேலையில் இருக்கிறான். ஜனவரியில் நைனாவையும் என்னையும் அங்கே கூப்பிடுகிறான், அங்கிருந்து மூன்று பேரும் ஒரு வாரம் எங்காவது போகலாம் என்று திட்டம். நைனாவுக்குக் குளிர் ஆகாது. ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்குக் காவேரிப்பாக்கம் ஏரியும் பைனாகுலரும்தான் உலகம், அதனால் கொஞ்சம் வெயிலும் பறவையும் சேர்ந்து கிடைக்கிற இடமாகத் தேடினோம், ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஃபுவெர்தேவெந்துரா என்று வந்தது. படத்தைப் பார்த்தால் மரம் மட்டை ஒன்றும் இல்லை. எரிமலைக் கல்லும் மொட்டை மலையும்தான். மொட்டை மலை பார்க்க வேலூரைவிட்டு எதுக்குப் போகணும் என்று அம்மா கேட்கிறாங்க, எனக்கும் பதில் தெரியவில்லை.

நைனாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. சமதரையில் கொஞ்ச தூரம் நடப்பார், ஏற்ற இறக்கம் முடியாது. ஜனவரியில் பறவை இருக்குமா, எந்தப் பக்கம் தங்கலாம், கார் எடுத்தே ஆகணுமா? வீட்டில் யாரும் அசைவம் சாப்பிட மாட்டோம், அதையும் மனசில் வைத்துச் சொல்லுங்க.

கண்கிலேடி (ராணிப்பேட்டை):

அக்கா, தாராளமாகப் போங்க. முழங்கால் வலிக்காரருக்கு இதைவிடத் தோதான பறவை இடம் கிடைப்பது கஷ்டம். அங்கே பார்க்க வேண்டிய பறவைகள் பலவும் காருக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கிடைக்கும், இறங்கி நடக்கிறவருக்குக் கிடைக்காது. முழுக்க வெட்டவெளி என்பதால் மனுஷன் காலைக் கீழே வைத்தாலே ஹூபாரா என்ற பறவை தலையைத் தாழ்த்திக்கொண்டு புதர் மறைவில் நழுவிவிடும், அதே பறவை பாதையில் நின்றுபோன காரைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஹூபாரா நம் கானமயிலின் (மயில் இல்லை, வெட்டவெளியில் வாழும் பெரிய பறவை) சொந்தம், அளவில் சின்னது. மண் நிறம், கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. ஜனவரி என்பது ரொம்ப நல்ல நேரம், ஆண் பறவை ஆடுகிற பருவம் அது. கழுத்து வெள்ளை இறகுகளை முழுக்க விரித்து முகத்தின் மேல் கவிழ்த்துக்கொள்ளும், தலையே தெரியாது, அப்படியே குடுகுடுவென்று ஓட ஆரம்பிக்கும். தூரத்தில் ஒரு வெள்ளைப் பந்து கல்லுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடுகிற மாதிரி இருக்கும், சட்டென்று நின்று இறகை மடக்கிக்கொண்டால் அது நின்ற இடமே கண்ணுக்குப் பிடிபடாது. இதைப் பார்க்க வடக்கே திந்தாயா, லா ஒலிவா பக்கத்துச் சமவெளிதான் சரி. மண்பாதையைவிட்டுக் காரை ஒரு அடிகூட இறக்காதீங்க. அது சட்டப்படியும் தப்பு, அந்தப் பறவை முட்டையிடுவதும் வெறும் தரையில்தான். அதே சமவெளியில் மணல்நிறக் கோர்சர், கல்கௌதாரி, நம்ம ஊர்க் கண்கிலேடியின் அந்த ஊர் வகை எல்லாம் உண்டு.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தத் தீவு கேனரித் தீவுகளிலேயே வயசானது, இரண்டு கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதனால் எரிமலையெல்லாம் தேய்ந்து மழுங்கிச் சமவெளியாகக் கிடக்கிறது. மிக உயரமான மலையே 807 மீட்டர்தான். பக்கத்துத் தெனெரிஃப் தீவில் 3,715 மீட்டர் மலை நிற்கிறது, கடல்காற்று கொண்டுவரும் மேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, இங்கே பிடிக்க ஆள் இல்லாமல் மேகம் மேலேயே போய்விடும். நம்ம பக்கம் ஐப்பசி ஒரே மாசத்தில் பெய்கிற மழை அங்கே ஒரு வருஷத்துக்கு. ஆப்பிரிக்கக் கரையும் 100 கிலோமீட்டர் தூரம்தான், அதனால் பாலைவனப் பறவைகள் ஐரோப்பிய நாட்டு மண்ணிலேயே வாழ்கின்றன. மொட்டையாக இருப்பதால்தான் அந்தப் பறவைகள் அங்கே இருக்கின்றன என்று அம்மாவிடம் சொல்லுங்க.

நைனாவிடமும் ஒன்று சொல்லி வைக்கணும். வகை எண்ணிக்கையை எதிர்பார்த்து வரவேண்டாம். காவேரிப்பாக்கத்தில் ஒரு நல்ல மார்கழிக் காலையில் பார்ப்பதை அங்கே நாளெல்லாம் சுற்றினாலும் பார்க்க முடியாமல் போகலாம். ஆனால் ஃபுவெர்தேவெந்துரா புதர்ச்சிட்டு என்று ஒன்று இருக்கிறது, இந்த உலகத்தில் அந்த ஒரு தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆணுக்குக் கருந்தலை, வெள்ளைத் தொண்டை, கண்ணுக்கு மேல் சின்னதாக ஒரு வெள்ளைக் கீற்று, நெஞ்சில் ஆரஞ்சு. நம்ம புதர்ச்சிட்டு மாதிரியே கல் உச்சியில் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டும். இதை மட்டும் காரிலிருந்து பார்ப்பது கொஞ்சம் சிரமம். பர்ரான்கோ என்று சொல்கிற காய்ந்த ஓடைகளில் இருக்கும், கோடைப் பாலாறு மாதிரி மணலும் கல்லுமாகக் கிடக்கும் ஓடைகள், ஓரத்தில் மட்டும் புதர். விமான நிலையத்துக்குத் தெற்கே உப்பளம் ஒன்று இருக்கிறது, அதை ஒட்டி பர்ரான்கோ தெ லா தொர்ரே. கடல் முகப்பில் தரை ஓரளவு சமமாக இருக்கும், நாற்காலி போட்டு நைனாவை உட்காரவைத்துவிட்டுக் காத்திருங்க.

இன்னொன்று, அதிகாலை நாலு மணிக்கு எழுப்ப வேண்டாம். ஜனவரியில் சூரியன் எட்டு மணி சுமாருக்குத்தான் வருகிறது. பதினொன்றுக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பிவிடும், குளிர்காலத்திலும்தான், அப்புறம் தூரத்துப் பறவை எல்லாம் நெளிய ஆரம்பித்துவிடும். காற்றும் பலமாக அடிக்கும், பத்து மடங்கு பைனாகுலர் கையில் நிற்காது, எட்டு மடங்கு கொண்டு போங்க. ஒரு துணிப்பையைக் காலியாக எடுத்துப்போய் அங்கே கடையில் அரிசி வாங்கி நிரப்பிக் கார் ஜன்னல்மேல் வைத்து அதன்மேல் பைனாகுலரையோ கேமராவையோ வைத்தால் அசையாது, கிளம்பும்போது அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டுவிடலாம்.

ஆற்காட்டான்:

கண்கிலேடி சொன்னதோடு லான்சரோத்தேவையும் சேர்த்துக்கோங்க மேடம். ஃபுவெர்தேவெந்துராவின் வடக்கு முனையிலிருந்து படகில் அரை மணி நேரம் சுமார், காரையும் ஏற்றிக்கொள்வாங்க (வாடகைக் கார் என்றால் அந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடணும்). அங்கே 1730 முதல் 1736 வரை எரிமலை வெடித்து ஊர் ஊராக மூடிப்போன இடம் ஒன்று இருக்கு, திமன்ஃபாயா என்று பெயர், இன்றைக்கும் கறுப்பும் சிவப்புமாகத் தகித்துக்கொண்டிருக்கும். உள்ளே அவங்களுடைய பஸ்ஸில்தான் சுற்றிக் காட்டுவாங்க, நடை கிடையாது, அப்பாவுக்குச் சௌகரியம். ஹூபாரா அந்தத் தீவிலும் நிறைய.

கண்கிலேடி (ராணிப்பேட்டை):

ஆற்காட்டான் அண்ணா, எரிமலை பார்க்க அது அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பறவைக்காகப் போகிறவங்க ஒரு வாரத்தில் இரண்டு தீவு வைத்துக்கொண்டால் காலை நேரம் படகுத்துறையிலேயே போய்விடும். புதர்ச்சிட்டும் லான்சரோத்தேயில் இல்லை. வடக்கே லா ஒலிவா பக்கம் ஒரே வீடாக எடுத்து, பார்த்த இடத்துக்கே மறுபடி மறுபடி போவது நல்லது. முதல் நாள் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் அடுத்த நாள் பறவை தெரியும். கண் பழகணும்.

ஜவ்வாதுக்காரன் (ஆலங்காயம்):

யாரும் பாறுக் கழுகைச் சொல்லவில்லையே! திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து சோறு தின்னுமே, அந்த மஞ்சள்முகப் பாறு. உங்க நைனா வயசுக்காரர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு, இப்போது அங்கே வருவதில்லை. அதே இனம்தான் ஃபுவெர்தேவெந்துராவில் ஊர்க்காரங்க கிர்ரே என்று கூப்பிடுகிற பறவை, கேனரித் தீவுகளைவிட்டு எங்கும் போகாத தனித் துணையினம். 1990களின் கடைசியில் இருபது சொச்சம் ஜோடிக்குக் குறைந்து, விஷம் வைப்பதைத் தடுத்தும் மின்கம்பியில் அடிபடாமல் பார்த்தும் மறுபடி பெருக்கியிருக்காங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது, கூடவே நம்ம கானமயிலை நினைத்து வலிக்கிறது, அங்கே ராஜஸ்தானிலும் மின்கம்பிதான் எமன்.

பார்க்கும் இடம் லொஸ் மொலினோஸ் அணைப் பக்கம். ஆட்டுப்பட்டிகள் உள்ள இடம், மேலே வட்டமடிக்கும். அந்த அணைத் தண்ணீரில் வாத்துகளும், காலையில் தண்ணீர் குடிக்க இறங்கும் கல்கௌதாரிகளும் உண்டு. மழை இல்லாத வருஷம் தண்ணீர் வற்றிப்போயிருக்கும், அப்படி இருந்தால் கோல்ஃப் மைதானங்களில் பாருங்க, பச்சையும் தண்ணீரும் இருக்கிற இடத்துக்குப் பறவையும் வந்துவிடும்.

பாலாற்றங்கரை (காட்பாடி):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. திருக்கழுக்குன்றம் என்று படித்ததும் நைனா எழுந்து வந்து திரையைப் பார்த்தார், சின்ன வயசில் தாத்தாவோடு போய்ப் பார்த்திருக்காராம். லான்சரோத்தே இந்த முறை வேண்டாம் என்று முடிவு பண்ணிட்டோம், ஆற்காட்டான் சார் தப்பாக எடுத்துக்காதீங்க. இரண்டு சந்தேகம்தான் பாக்கி. விசா ஜெர்மனிக்கா, ஸ்பெயினுக்கா? கார் தம்பி ஓட்டினால் சர்வதேச லைசென்ஸ் வேணுமா? சாப்பாடும் யாராவது சொல்லுங்க.

ஆற்காட்டான்:

இதில் தப்பாக எடுக்க என்ன இருக்கு மேடம். விசா ஷெங்கன்தான் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே விசா), எந்த நாட்டில் அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கணும், நாள் சமமாக வந்தால் முதலில் எங்கே இறங்குறீங்களோ அந்த நாட்டுக்கு. தம்பி வீட்டில் அதிக நாள் என்றால் ஜெர்மனி. பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் எடுக்கணும். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியிலிருந்தே விண்ணப்பம் வாங்குவாங்க, ஜனவரிக்குப் போக ஆடி ஆவணியிலேயே வேலையை ஆரம்பிச்சிடுங்க. தம்பியிடம் ஜெர்மன் லைசென்ஸ் இருந்தால் ஸ்பெயினில் அப்படியே ஓட்டலாம். இந்திய லைசென்ஸ்தான் என்றால் நம்ம ஆர்டிஓ ஆபீசில் சர்வதேச பெர்மிட் வாங்கணும், ஒரு வருஷம் செல்லும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தோலோடு உப்புத்தண்ணீரில் வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும், கூடவே மோஹோ என்று சட்னி வைப்பாங்க, பச்சை மோஹோ கொத்தமல்லித் தழையில் அரைத்தது, சிவப்பு கொஞ்சம் காரம். ஆட்டுப்பால் சீஸ் அந்த ஊரின் பெருமை. கோஃபியோ என்ற வறுத்த தானிய மாவும் உண்டு, ஆனால் சில கடையில் அதை மீன் சாற்றில் கரைத்துத் தருவாங்க, கேட்டு வாங்குங்க. வீடு எடுத்தால் சமையலறை இருக்கும், புளியும் பருப்புப் பொடியும் மட்டும் இங்கிருந்து எடுத்துப் போங்க, கண்கிலேடி சொன்ன அந்த அரிசி அங்கேயே இருக்கு.