ஆஸ்பத்திரிக் கிருமிக் கல்ச்சரில் வேலை, ஐ.பி.எஸ்.சி. (நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு) அனுமதி முன்பே வேண்டுமா?

வைகைக்கரை:
பிஎச்.டி. முதலாண்டு. நோயாளிகளிடமிருந்து எடுத்த க்ளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியா கல்ச்சர்கள் (வளர்த்தெடுத்த கிருமிகள்) வந்திருக்கின்றன. அதை மருந்துக்கு அடங்காமல் செய்யும் ஜீனைப் பிரித்து, ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் செலுத்தி குளோன் செய்ய வேண்டும். "பப்ளிகேஷன் போடும்போது கேட்டால் ஐ.பி.எஸ்.சி. லெட்டர் வாங்கிக்கொள்ளலாம், இப்போது ஆரம்பி" என்கிறார் கைடு. லேபில் லேமினார் (வடிகட்டிய காற்று வீசும் மேடை) மட்டும்தான் இருக்கிறது, சீனியர்கள் எல்லோரும் அதிலேயே செய்கிறார்கள். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

பழைய பிளேட்:
வீண் பயம் இல்லை தங்கச்சி, ஆரம்பிக்காதீர்கள். சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளே இதைச் சொல்கின்றன. க்ளெப்சியெல்லா ரிஸ்க் குரூப் 2 (கிருமிகளின் ஆபத்து வரிசையில் இரண்டாம் நிலை), அதனால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் நிறுவனக் குழுவிடம் போக வேண்டும். இதுவே காசநோய்க் கிருமி மாதிரி குரூப் 3 என்றால் விஷயம் டெல்லியில் ஆர்.சி.ஜி.எம். (மரபணு மாற்ற ஆய்வுகளைப் பரிசீலிக்கும் மத்திய குழு) வரை போகும். அப்புறம் அந்த லேமினார். அதில் காற்று உள்ளிருந்து உங்கள் முகத்தை நோக்கித்தான் வீசும். கிருமி வளர்க்கும் பிளேட்டில் தூசி விழாமல் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. நோய்க்கிருமிக்கு, வேலை செய்பவரையும் காப்பாற்றும் கிளாஸ் 2 பயோசேஃப்டி கேபினட்தான் வேண்டும்.

மலைக்கோட்டை:
சொல்வது சரிதான், ஆனால் நடைமுறையையும் பார்க்க வேண்டும். எங்கள் குழு வருடத்துக்கு இரண்டு முறைதான் கூடுகிறது, ஒன்றைத் தவறவிட்டால் அரை வருடம் போய்விடும், ஃபெலோஷிப் காலம் அதற்காக நிற்குமா? ஆபத்தில்லாத ஸ்ட்ரெய்னை (கிருமியின் உள்வகையை) வைத்தாவது ஆரம்பிக்கலாமே.

பழைய பிளேட்:
ஆபத்தில்லாதது யாருக்கு? 2009இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிளேக் கிருமியின் வலுவிழந்த ஸ்ட்ரெய்னில் வேலை செய்த 60 வயது ஆராய்ச்சியாளர் ஒருவர் அதே கிருமியால் இறந்தார். இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடியாததால்தான் அது வலுவிழந்தது. அவருக்கோ உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரை நோய், அது இருப்பதே அவருக்குத் தெரியாது. குழுவில் மருத்துவம் படித்த ஒருவர் பயோசேஃப்டி அலுவலராக இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இப்படிப்பட்ட ஆபத்தைக் கவனிக்கத்தான். கூட்டம் தள்ளிப்போகிறது என்றால் இடையில் ஒன்று கூட்டச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு என்பது குறைந்தபட்சம்தான்.

ஆட்டோகிளேவ் அக்கா:
லேப் டெக்னீஷியனாக ஒன்று சொல்கிறேன். லெட்டர் வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். நான் முன்பு இருந்த இடத்தில் பழைய பிளேட்டுகளைப் பையில் திணித்து ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் கருவி) வைப்போம், சூடு பட்டதைக் காட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் வெளியே அனுப்பிவிடுவோம். ஒரு நாள் ஸ்போர் ஆம்பூல் (சூட்டை மிகவும் தாங்கும் பாக்டீரியா வித்துகள் உள்ள சிறு குப்பி) ஒன்றைப் பையின் நடுவில் சொருகி வைத்தேன். டேப் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் இன்குபேட்டரில் வைத்த ஆம்பூல் மறுநாள் ஊதாவிலிருந்து மஞ்சளாகிவிட்டது. ஸ்போர் சாகவில்லை, அப்படியென்றால் உள்ளே இருந்த மற்றதும்? அதுவரை அந்தப் பைகளை வெறும் கையால் தூக்கிப் போனது துப்புரவு அக்காதான், இன்றும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், ஒரு மணி நேரம், வாரம் ஒரு ஸ்போர் டெஸ்ட்: 2016 மருத்துவக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் லேபில் அந்த ரிஜிஸ்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வைகைக்கரை:
பார்த்தேன் அக்கா. ரிஜிஸ்டர் இருக்கிறது, கடைசிப் பதிவு போன வருடம். கல்ச்சரை ஃப்ரீசரில் பூட்டிவிட்டேன், திங்கட்கிழமை விண்ணப்பத்தோடு கைடைப் பார்க்கிறேன்.