டுவாட்டாரா பல்லி இல்லையா?

ஓணான்பிரியன்: நியூசிலாந்தின் டுவாட்டாரா படத்தைப் பார்த்தால் அச்சு அசல் ஓணான் மாதிரியே இருக்கிறது, ஆனால் பல்லி இனமே இல்லை என்கிறார்களே, எப்படி?

தேன்மொழி: பல்லி, பாம்பு வழியிலிருந்து இதன் முன்னோர் பிரிந்து ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்படிப் பிரிந்த கிளையில் இன்று உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். மேல்தாடையில் இரண்டு வரிசைப் பல், கீழ்த்தாடையின் ஒற்றை வரிசை அவற்றுக்கு நடுவே போய்ப் பொருந்தும். காதுத் துளையும் வெளியே தெரியாது.

கடலோரன்: மனிதர்களோடு வந்த எலிகள் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்ததில் பெரிய தீவுகளில் அற்றுப்போய், சிறு தீவுகளில்தான் தப்பியது. 2005இல் வெலிங்டனில் வேலியிட்ட சரணாலயத்தில் கொண்டுவந்து விட்டார்கள், 2009இல் அங்கே குஞ்சைக் கண்ட செய்தி படித்து எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

ஓணான்பிரியன்: சரி, அப்போ இனி பயமில்லையா?

தேன்மொழி: இருக்கிறது. முட்டை புதைந்த மண் சூடானால் ஆண் குஞ்சுகளே அதிகம் பொரிக்கும். வெப்பம் கூடக்கூடப் பெண் குறையும், அதுதான் என் கவலை.