படுக்கப் போனாலே பயப்படும் மகள்: கைவேலை ஏதாவது உதவுமா?

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. விளக்கை அணைத்ததும் "நாளைக்கு டீச்சர் திட்டுவாங்களாம்மா?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில் 1: கவலை பொம்மை செய்யுங்கள். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மாயா பழங்குடி மக்களிடம் உள்ள பழக்கம். தூங்குமுன் குழந்தை பொம்மையிடம் கவலையைச் சொல்லி, தலையணைக்கு அடியில் வைத்துவிடும். நாங்கள் ஐஸ் குச்சியில் வெட்டுத்துணியைச் சுற்றி, உல்லன் நூலால் இறுக்கிக் கட்டினோம். முகத்தை அவளே வரையட்டும்; கண் கோணலாக இருந்தாலும் திருத்தாதீர்கள். என் மகன் நூல் சுற்றும்போதே மனசில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்!

பதில் 2: வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பொம்மையில் மணி, பொத்தான் வைக்க வேண்டாம். வாயில் போட்டுவிடும்.

கேட்டவர்: சரி அக்கா. பொம்மையிடம் என்ன சொன்னாள் என்று கேட்கலாமா?

பதில் 1: வேண்டாம்மா, அவளாகச் சொல்லட்டும். ஆனால் பயத்தால் சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் தடைபட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.